நுகர்வோர் கேள்வி-பதில்: மீதிப் பணத்தைக் கட்டலாமா?

உலக சுகாதார அமைப்பு 2021 நவம்பர் 26 அன்று கொரோனா வைரஸின் ஒமைக்ரான் வகையைக் கவலைக்குரிய திரிபு என்று அறிவித்த பிறகு எனக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, விடுமுறைப் பயணத்துக்குக் கட்டிய பணத்தையும் இனிக் கட்ட வேண்டிய பணத்தையும் பற்றியவை. ஆகவே இம்முறை வேறு எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன.

கேள்வி: ஏப்ரலில் குடும்பத்துடன் வெளிநாடு செல்வதற்கு ஒரு பயண நிறுவனத்தில் முன்பணம் கட்டியிருக்கிறோம். மீதித் தொகைக்கு இம்மாத இறுதி வரைதான் கெடு. கட்டலாமா, முன்பணம் போனால் போகட்டும் என்று விட்டுவிடலாமா?

பதில்: கெடுவுக்குள் மீதியைக் கட்டாவிட்டால், பயணத்தை நீங்களே ரத்து செய்துவிட்டதாகத்தான் பெரும்பாலான நிறுவனங்கள் எடுத்துக்கொள்ளும், முன்பணம் திரும்பி வராது. அதே பயணத்தை நிறுவனம் ரத்து செய்தால், கட்டியதை முழுவதுமாகக் கேட்கும் உரிமை பல நாடுகளில் உங்களுக்கு உண்டு. விமானமும் தங்குமிடமும் சேர்ந்த பேக்கேஜ் பயணம் ரத்தானால் 14 நாட்களுக்குள் பணத்தைத் தந்தாக வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம். எனவே யார் முதலில் ரத்து செய்கிறார் என்பதைப் பொறுத்தே உங்கள் பணம் வருவதும் போவதும் அமையும். இதில் உங்களுக்கு இருக்கும் பதற்றத்தை நிறுவனங்களும் நன்றாக அறிந்து வைத்திருக்கின்றன. வாடிக்கையாளர் பயந்துபோய்த் தாமே விலகட்டும் என்று கடைசி வாரம் வரை வாய் திறக்காமல் இருப்பவர்களும் அவர்களில் உண்டு.

நிலைமை எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதற்குத் தூரத்து உதாரணம் தேட வேண்டியதில்லை. திரிபுக்குப் பெயர் வைத்த மூன்றாம் நாளே, நவம்பர் 29 முதல், மொராக்கோ தன் நாட்டுக்குள் வரும் பயணிகள் விமானங்கள் அனைத்தையும் இரண்டு வாரங்களுக்கு நிறுத்தியது; மறுநாள் ஜப்பான், புதிதாக வரும் வெளிநாட்டினருக்குக் கதவை அடைத்தது. இப்படியோர் அறிவிப்புக்கு முந்தின வாரம் தாமாக ரத்து செய்தவருக்கும், அறிவிப்பு வரும் வரை பொறுத்திருந்தவருக்கும் கைக்கு வரும் தொகை ஒன்றாக இருக்காது.

ஆகவே முதலில் நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதி இரண்டு விஷயங்களைக் கேளுங்கள். கெடுவைத் தள்ளிவைக்க முடியுமா, அல்லது கட்டணமின்றிப் பயணத் தேதியை மாற்றித் தர முடியுமா என்பது ஒன்று. எந்தத் தேதியில் ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்ற அட்டவணை மற்றொன்று. பயண நாள் நெருங்க நெருங்கப் பிடித்தம் கூடிக்கொண்டே போகும் என்பதால், இன்று, கெடு நாளன்று, பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பு என மூன்று தேதிகளுக்கும் தொகையை எழுதி வைத்துப் பாருங்கள். தொலைபேசியில் இனிமையாகச் சொன்னதெல்லாம் சாட்சியாகாது. எழுத்தில் வர வேண்டும்.

இன்னொரு சங்கடத்தையும் கணக்கில் சேருங்கள். விமானம் பறக்கும், விடுதியும் திறந்திருக்கும், ஆனால் புறப்படுவதற்கு முந்தின நாள் உங்கள் வீட்டில் ஒருவருக்குத் தொற்று உறுதியாகும். அப்போது யாரும் எதையும் ரத்து செய்யவில்லை, போகாமல் நின்றது நீங்கள்தான் என்றாகிவிடும். இந்த இழப்பை உங்கள் காப்பீடு ஏற்குமா என்று தெரியாமல் மீதியைக் கட்டாதீர்கள்.

என் கருத்தைக் கேட்டால், கெடுவும் நீளாது தேதியும் மாறாது என்று அவர்கள் கைவிரிக்கும் பட்சத்தில், முன்பணம் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகவில்லையென்றால் அதை விட்டுவிடுவதே மேல். அதைவிடப் பெரிய தொகை என்றால், முழுப் பணமும் சில மாதங்கள் முடங்கிக் கிடந்தாலும் வீட்டுச் செலவு தடுமாறாது என்ற நிலையில் இருப்பவர் மட்டும், கிரெடிட் கார்டில் கட்டலாம். கடன் வாங்கிக் கட்டுவதாக இருந்தால் வேண்டாம்.

கேள்வி: "பணம் திருப்பித் தரப்படாது" என்ற குறைந்த கட்டணத்தில் விடுதி அறை பதிவு செய்தேன். இப்போது போக மனமில்லை. பணத்தை எப்படித் திரும்பப் பெறுவது?

பதில்: திருப்பித் தரப்படாது என்று அவர்களே சொல்லிவிட்டார்களே. முன்பதிவுத் தளத்தோடு மல்லுக்கட்டாமல் விடுதியின் மேலாளரிடமே தேதி மாற்றம் கேட்டுப் பாருங்கள். அது அவருடைய தயவு, உங்கள் உரிமை அன்று.

கேள்வி: 2020இல் விமான நிறுவனமே பயணத்தை ரத்து செய்தது. பணத்துக்குப் பதிலாக வவுச்சர் அனுப்பினார்கள். அதன் காலம் அடுத்த மாதம் முடிகிறது. இந்தச் சூழலில் வேறு பயணம் பதிவு செய்யவும் அச்சமாக இருக்கிறது. பணமாகக் கேட்க முடியுமா?

பதில்: கேளுங்கள், இன்றே கேளுங்கள். வவுச்சரைக் கண்டாலே எனக்கு இரத்தம் கொதிக்கும் என்பது இந்தப் பகுதியைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்குத் தெரியும். என் மேசை இழுப்பறையிலும் ஒன்று கிடக்கிறது: ஓராண்டுக்குள், அதே பெயரில், ஒரே முறை, நெரிசல் மிகுந்த பருவம் நீங்கலாகப் பயன்படுத்த வேண்டும், மிச்சத் தொகை காலாவதியாகும் என்று எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். நம்மிடம் வாங்கியது காசு. திருப்பித் தருவது நிபந்தனைகளின் பட்டியல். வட்டியில்லாத கடனை வாடிக்கையாளரிடமிருந்தே அவரைக் கேட்காமல் வாங்கிக்கொண்டு, அதற்குச் சலுகை என்று பெயரும் சூட்டுகிறார்கள். அந்த நிறுவனம் நொடித்துப்போனால் வவுச்சர் வைத்திருப்பவர் கடன் கொடுத்தவர்களின் வரிசையில் கடைசியில் நிற்க வேண்டியதுதான். 2019 செப்டம்பரில் பிரிட்டனின் தாமஸ் குக் போன்ற பழைய பெரிய பயண நிறுவனமே கொள்ளைநோய் எதுவும் இல்லாதபோது ஒரே இரவில் கவிழ்ந்ததை மறந்துவிடக் கூடாது.

இது என் தனிப்பட்ட கோபம் மட்டுமன்று. 2020 ஏப்ரல் 3 அன்று அமெரிக்கப் போக்குவரத்துத் துறை, ரத்தான விமானங்களுக்குப் பணத்தைத் திருப்பித் தரும் கடமை தொற்றுக்காலத்திலும் நீடிக்கிறது என்று விமான நிறுவனங்களுக்கு நினைவூட்டியது. அடுத்த மாதம் 13ஆம் தேதி ஐரோப்பிய ஆணையம், வவுச்சர் என்பது பயணி விரும்பினால் மட்டுமே ஏற்கக்கூடிய மாற்று என்று பரிந்துரைத்தது. இந்திய உச்ச நீதிமன்றத்தின் 2020 அக்டோபர் 1 தீர்ப்பின்படி, ஊரடங்கில் ரத்தான பயணங்களுக்கு நிதி நெருக்கடி காரணமாகத் தொகையைப் பயணியின் பெயரில் வரவு வைத்த நிறுவனங்களும், 2021 மார்ச் 31 வரை பயன்படுத்தப்படாததைப் பணமாகவே தந்தாக வேண்டும்.

உங்கள் கடிதத்தில் ரத்து அறிவிப்பின் தேதியையும், வவுச்சரை நீங்கள் கேட்கவில்லை என்பதையும், பணம் வேண்டும் என்பதையும் மூன்றே வரிகளில் எழுதுங்கள். பதில் வராவிட்டால் உங்கள் நாட்டின் விமானத்துறை ஒழுங்குமுறை அமைப்புக்கும் நுகர்வோர் குறைதீர் அமைப்புக்கும் புகார் அளியுங்கள். முகவர் வழியாகப் பதிவு செய்திருந்தால், விமான நிறுவனம் அவரிடம் பணத்தைத் திருப்பிவிட்டதா என்று நிறுவனத்திடமே கேளுங்கள். பணம் வந்து சேர்ந்த பிறகும் "இன்னும் வரவில்லை" என்று சொல்லும் முகவர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி: ஒமைக்ரான் செய்தி வந்த பிறகு பயணக் காப்பீடு எடுத்தேன். பயந்து ரத்து செய்தால் பணம் கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. பயம் ரத்துக்கான காரணமாகக் காப்பீட்டில் ஏற்கப்படுவதில்லை. ஊரறிந்த ஆபத்துக்குப் பின் எடுத்த காப்பீட்டையும் "ஏற்கெனவே தெரிந்த நிகழ்வு" என்று தட்டிவிடுவார்கள். எந்தக் காரணத்துக்காகவும் ரத்து செய்ய இடம் தரும் காப்பீடுகள் சில நாடுகளில் உண்டு. அவற்றுக்குக் கட்டணம் அதிகம், திரும்ப வருவதும் பெரும்பாலும் செலவில் 50 முதல் 75 சதவீதம் வரைதான். உங்களுக்கே தொற்று வந்தால் என்ன என்ற பகுதியை இன்றிரவு எடுத்துப் படியுங்கள்.

கேள்வி: இணைய விளம்பரத்தில் பார்த்த விடுமுறை வீட்டுக்கு முழு வாடகையையும் உரிமையாளர் என்றவரின் வங்கிக் கணக்கில் செலுத்தினோம். "தொற்றுக் காலம், அதனால் முன்கூட்டியே முழுத் தொகை" என்றார். இப்போது எண் இயங்கவில்லை. என் அலட்சியம்தான் என்று வீட்டில் குறை சொல்கிறார்கள்.

பதில்: வீட்டில் உள்ளவர்களிடம் இதைக் காட்டுங்கள், அம்மா: குற்றம் ஏமாற்றியவருடையது. இவர்கள் உண்மையான வீடுகளின் படங்களைத் திருடி, வாடகை ரசீது முதல் வீட்டு விதிகள் வரை நேர்த்தியாகத் தயாரித்து அனுப்புகிறார்கள். எச்சரிக்கையானவர்களும் இதில் விழுந்திருக்கிறார்கள்.

இதை வாசித்ததும் உங்கள் வங்கியை அழைத்து, பணம் போன கணக்கை முடக்கக் கோருங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அந்தப் பணம் வேறு கணக்குக்கு நகர்கிறது. விளம்பரம், உரையாடல், பரிமாற்ற எண் ஆகியவற்றை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் காவல்துறையின் இணையக் குற்றப் பிரிவில் புகார் கொடுங்கள். சில நாட்களில் யாராவது தொடர்புகொண்டு, சிறு கட்டணம் கட்டினால் இழந்ததை மீட்டுத் தருகிறேன் என்பார். அவர் அதே கும்பலைச் சேர்ந்தவராகவே இருக்கக்கூடும். ஒரு காசும் கொடுக்காதீர்கள்.

கேள்வி: கோடைப் பயணத்துக்குப் பாதி விலை, இன்று நள்ளிரவு வரை மட்டும் என்கிறார்கள். உடனே கட்டிவிடட்டுமா?

பதில்: நாளையும் அதே விலைதான் இருக்கும். "இன்று மட்டும்" என்று நான் வாங்கிய சூட்கேஸ் இப்போதும் அதே விலைக்கு விற்கிறது. என்னுடையதில் சக்கரம் ஒன்று இல்லை.

கேள்வி: நான்கு பேருக்குப் பணம் கட்டியாயிற்று. மாமியாருக்கு நுரையீரல் தொல்லை இருப்பதால் மருத்துவர் வேண்டாம் என்கிறார். கட்டிய பணம் வீணாகிறதே என்று கணவர் தயங்குகிறார்.

பதில்: மாமியார் போனாலும் போகாவிட்டாலும் அந்தப் பணம் ஏற்கெனவே கையை விட்டுப் போனதுதான், அதற்காக அவருடைய நுரையீரலைப் பணயம் வைப்பதா? மருத்துவரிடம் எழுத்துப்பூர்வமான சான்றிதழ் வாங்கிக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் பயண நிறுவனத்துக்கும் அனுப்புங்கள். அவருடைய இடத்தை உறவினர் ஒருவர் பெயருக்கு மாற்ற முடியுமா என்றும் கேளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் பேக்கேஜ் விதிகளில், புறப்பட 7 நாட்களுக்கு முன் தெரிவித்தால் அதற்கு உரிமையே உண்டு. மற்ற இடங்களில் நிறுவனத்தின் நிபந்தனைகளைப் பொறுத்தது. பெயர் மாற்றக் கட்டணம் எவ்வளவு என்று கேட்ட பிறகு சம்மதம் சொல்லுங்கள். விமான நிறுவனம் புதிய பயணச்சீட்டின் விலையையே அந்தப் பெயரில் வசூலிக்கக்கூடும்.