தொட்டியைக் கழுவிய மறுநாள் மீன் ஏன் சாகிறது?

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை மீன் தொட்டியை முழுசாகக் காலி செய்து, கல்லையெல்லாம் தேய்த்துக் கழுவி, ஃபில்டர் ஸ்பாஞ்சையும் குழாயடியில் நன்றாகப் பிழிந்து, புதுத் தண்ணீர் விட்டேன். பல மாதமாக நன்றாக இருந்த ஏழு கோல்டு ஃபிஷ்ஷில் ஐந்து மறுநாள் காலை செத்து மிதந்தன. கடையில் 'ஏதோ நோய்' என்று நீல மருந்து கொடுத்திருக்கிறார்கள். ஊற்றலாமா? பையன் சரியாகச் சாப்பிடக்கூட மாட்டேன் என்கிறான்.
– வாசகி, வேளச்சேரி

பதில்: ஊற்றாதீர்கள். நோய் என்றால் ஒரு மீன் முதலில் இரை எடுக்காது, மூலையில் ஒதுங்கும், உடம்பில் வெள்ளைப் புள்ளியோ பஞ்சு மாதிரியோ ஏதாவது தெரியும், அப்புறம்தான் அடுத்த மீனுக்கு வரும். ஒரே ராத்திரியில் ஐந்து போயிருக்கிறது, அதுவும் தண்ணீர் மாற்றிய ராத்திரியில் என்றால் சந்தேகப்பட வேண்டியது தண்ணீரைத்தான். அந்த நீல மருந்து அநேகமாக மெத்திலீன் ப்ளூவாக இருக்கும். பூஞ்சைக்கு நல்ல மருந்துதான், ஆனால் தொட்டியில் மிச்சமிருக்கும் நல்ல பாக்டீரியாவையும் சேர்த்து அடித்துவிடும்.

உங்கள் வீட்டுக் குழாயில் வருவது மெட்ரோ தண்ணீர் என்றால் அதில் குளோரின் இருக்கும். நமக்கு லேசாக வாடை அடிக்கிற அளவே மீனின் செவுளை அரித்துவிடும். அபார்ட்மென்ட் என்றால் அன்றைக்கு சம்ப்பைக் கழுவி பிளீச்சிங் பவுடர் போட்டார்களா என்று வாட்ச்மேனிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள், இந்த மாதிரிச் சாவுகளில் பாதிக்கு விடை அங்கேயே கிடைத்துவிடும் என்பது என் எண்ணம். மதிய நேரத்தில் மாடித் தொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டிருந்தால் அதுவும் ஒரு காரணம், வெயில் காலத்தில் அது கிட்டத்தட்ட வெந்நீர். இது போதாதென்று பல மாதப் பழைய தண்ணீரில் பிஹெச் (தண்ணீரின் அமில, காரத் தன்மையைச் சொல்லும் அளவு) மெல்ல மெல்ல இறங்கியிருக்கும், புதுத் தண்ணீரில் அது ஏறுமுகமாக இருக்கும். மீனால் அந்த வித்தியாசத்தை ஒரே நாளில் தாங்க முடியாது.

மிச்சமிருக்கும் இரண்டையும் காப்பாற்றுவதுதான் இப்போது வேலை, ஏனென்றால் இனிமேல்தான் அடுத்த ஆபத்து. மீன் தன் செவுள் வழியாகவே அம்மோனியாவை வெளியே விடுகிறது. ஸ்பாஞ்சிலும் கல்லிலும் ஒட்டியிருக்கிற ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை அவ்வளவாகக் கெடுதல் இல்லாத நைட்ரேட்டாக மாற்றும். தொட்டுப் பார்த்தால் வழவழ என்று இருக்குமே, நீங்கள் அழுக்கு என்று தேய்த்து எடுத்தது அதைத்தான். ஆகவே இரண்டு நாளைக்கு இரை போடாதீர்கள் (மீன் பட்டினியில் சாகாது, பையனிடம் சொல்லுங்கள்). ஏர் பம்ப்பை நிறுத்தவே வேண்டாம். தினமும் கால்வாசித் தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். மாற்றுகிற தண்ணீரை முந்தைய நாளே வாளியில் பிடித்து, ஏர் ஸ்டோன் (ஏர் பம்ப் டியூப் முனையில் குமிழி விடும் கல்) போட்டு வையுங்கள், இல்லையென்றால் ஆன்டி குளோரின் சொட்டு மருந்தைப் பாட்டிலில் போட்ட அளவுப்படி விடுங்கள். சில ஊர்களில் குளோரமின் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது) கலப்பார்கள், அது வாளியில் வைத்தால் போகாது, சொட்டு மருந்துதான் வழி.

இனிமேல் முழுக் கழுவல் வேண்டவே வேண்டாம். வாரம் ஒரு முறை கால்வாசி, ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே இரண்டு தடவை அலசினால் போதும். கண்ணாடிபோல் பளபளக்கும் தொட்டிதான் ஆரோக்கியமான தொட்டி என்று யாரோ நம் எல்லோர் மண்டையிலும் ஏற்றிவிட்டார்கள்.

கேள்வி: கொளத்தூர் போய் இரண்டடித் தொட்டி, மோட்டார், பதினைந்து மீன் என்று எல்லாமே ஒரே நாளில் வாங்கி வந்தோம். முதல் வாரம் பிரச்சினை இல்லை. இப்போது தினமும் ஒன்று சாகிறது. தண்ணீர் பார்க்கத் தெளிவாகத்தான் இருக்கிறது சார்.
– வாசகர், அம்பத்தூர்

பதில்: எல்லாமே ஒரே நாளில் வாங்கியதுதான் சிக்கல். மேலே சொன்ன பாக்டீரியா புதுத் தொட்டியில் குடியேற நாலு முதல் ஆறு வாரம் ஆகும், அதுவரை அம்மோனியா கூடிக்கொண்டே போகும், அது கண்ணுக்குத் தெரியாது. தெளிவை நம்பாதீர்கள். சொட்டு விட்டுப் பார்க்கிற டெஸ்ட் கிட் ஒன்று வாங்குங்கள், பெரும்பாலான அம்மோனியா கிட்டில் மஞ்சளாகவே நின்றால் நிம்மதி, பச்சை ஏற ஏற ஆபத்து. பிஹெச் 7-லிருந்து 8-க்கு ஏறினால் அதே அம்மோனியாவின் விஷம் கிட்டத்தட்ட பத்து மடங்காகிறது. போர் தண்ணீர் பல இடங்களில் 8-ஐ ஒட்டியே இருக்கும், அதனால்தான் பக்கத்து வீட்டில் பிழைக்கிற மீன் உங்கள் வீட்டில் பிழைப்பதில்லை.

இரண்டுக்கு ஒன்றுக்கு ஒன்று அடி என்றால் சுமார் 56 லிட்டர், கல்லைப் போட்டால் 50. பதினைந்து மீன் அதிகம், அதில் கோல்டு ஃபிஷ் இருந்தால் ரொம்பவே அதிகம். பாதியைக் கடையில் திருப்பிக் கொடுக்க முடியுமா பாருங்கள். நல்லபடி ஓடுகிற தொட்டி வைத்திருக்கும் நண்பர் யாரேனும் இருந்தால் அவரிடமிருந்து ஒரு பழைய ஸ்பாஞ்சை ஈரம் காயாமல் கேட்டு வாங்கி உங்கள் ஃபில்டரில் வையுங்கள், கடையில் விற்கும் பாக்டீரியா பாட்டிலைவிட நான் அதைத்தான் நம்புவேன். அம்மோனியா குறைந்து நைட்ரைட் ஏறினால் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும், ரத்தம் ஆக்ஸிஜனை ஏற்க முடியாமல் போவதுதான் காரணம். லிட்டருக்கு ஒரு கிராம் கல் உப்பைத் தனியாகக் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள், அந்த விஷம் உள்ளே போவதை அது தடுக்கும்.

கேன் தண்ணீர் விடலாமா என்றும் பின்குறிப்பில் கேட்டிருக்கிறீர்கள். தனியாக வேண்டாம். கேன் தண்ணீர் பெரும்பாலும் ஆர்ஓ மெஷினில் வடிகட்டியது, அதில் தாது உப்பு ஏறக்குறைய எதுவுமே இருக்காது, பிஹெச் நிலையாக நிற்காது. போர் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்தால் சரி.

கேள்வி: மே மாதம் ராத்திரி மூன்று மணி நேரம் கரன்ட் இல்லை. காலையில் பார்த்தால் பெரிய மீன்கள் மட்டும் செத்திருந்தன, குட்டிகளும் கௌராமியும் பிழைத்துவிட்டன. இது என்ன கணக்கு?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: ஆக்ஸிஜன் கணக்கு. 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஆக்ஸிஜனைப் பிடித்து வைக்கும், 30 டிகிரியில் ஏழரைதான். சூட்டில் மீனுக்கு மூச்சுத் தேவையோ கூடுகிறது, தொட்டியில் செடி இருந்தால் இருட்டில் அதுவும் ஆக்ஸிஜனை எடுக்கும். பெரிய உடம்புக்கு நிறைய வேண்டும், அது முதலில் போகும். கௌராமியும் ஃபைட்டரும் மேலே வந்து நேராகக் காற்றைக் குடிக்கத் தெரிந்தவை, அதனால் தப்பித்தன.

ஏர் பம்ப் ஐந்து வாட்கூட இழுக்காது, இன்வெர்ட்டர் லைனில் சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் பேட்டரி பம்ப். அதுவும் இல்லையென்றால் மக்கில் மொண்டு ஒரு அடி உயரத்திலிருந்து திரும்ப ஊற்றிக்கொண்டே இருப்பதுதான், கை வலிக்கும். பல மணி நேரம் நின்றுபோன மூடிய ஃபில்டரை, கரன்ட் வந்ததும் அப்படியே ஓடவிடாதீர்கள், உள்ளே தேங்கி நாறிய தண்ணீர் மொத்தமும் தொட்டிக்குள் போகும். திறந்து கொட்டிவிட்டு ஓடவிடுங்கள்.

கேள்வி: கொசு மருந்தால் மீன் சாகுமா?
– வாசகி, விழுப்புரம்

பதில்: சாகும். லிக்விட் மெஷினிலும் சுருளிலும் பொதுவாக இருப்பது பைரித்திராய்டு வகை மருந்து, மீனுக்கு அது கொடிய விஷம். ஏர் பம்ப் அறைக் காற்றைத்தானே இழுத்துத் தண்ணீருக்குள் விடுகிறது. தொட்டி இருக்கும் அறையில் கொசுவலை கட்டிக்கொள்ளுங்கள். பெஸ்ட் கன்ட்ரோல், பெயின்ட் அடிக்கிற நாட்களில் தொட்டியை மூடி, பம்ப்பை வேறு அறையில் வைத்து நீள டியூப் போடுங்கள்.

கேள்வி: வெறுத்துவிட்டது. மிச்சமிருக்கும் சக்கர் மீனை ஏரியில் விட்டுவிடலாமா?
– வாசகர், செங்கல்பட்டு

பதில்: கூடாது. தென் அமெரிக்க மீன் அது, வீட்டுத் தொட்டிகளிலிருந்து தப்பி ஏற்கெனவே நம் ஏரி குளங்களில் பெருகிக் கிடக்கிறது, அதன் முள் மீனவர் வலையைக் கிழிக்கிறது, விற்கவும் முடிவதில்லை. வாங்கிய கடையிலேயே கொடுங்கள், காசு தராவிட்டாலும் வாங்கிக்கொள்வார்கள்.