கோர்ட் டைரியும் கச்சான் காற்றும்

கடலோரச் சிற்றூரில் வக்கீலாக இருந்துகொண்டே படகு, பறவை, பயணம் என்று வாழ முடியுமா என்று கேட்டு வந்த கடிதங்கள் இந்த முறை அதிகம். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

கே: மாதத்தில் பத்து நாளாவது வெளியே சுற்ற ஆசை. சிவில் கேஸ் பார்க்கும் வக்கீலுக்கு அது நடக்குமா? (ஓர் இளம் வழக்கறிஞர், ராமநாதபுரம்)

நடக்கும். ஆனால் டைரியில் வாய்தா தேதி மட்டும் எழுதுகிறவருக்கு நடக்காது. வாய்தாவுக்கு ஜூனியர் நின்றுகொள்வார், கெடு நாளுக்கு யாரும் நிற்க முடியாது. ஆகவே ஒவ்வொரு பக்கத்திலும் இடது பாதி வாய்தாவுக்கு, வலது பாதி கெடு நாளுக்கு. வலது பாதியைப் பார்த்த பிறகுதான் ரயில் டிக்கெட்.

அதிகம் சறுக்குவது செக் வழக்கில். செக் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் போக வேண்டும். நோட்டீஸ் கையில் கிடைத்ததும் பணம் கட்ட எதிர்த்தரப்புக்கு 15 நாள். அது முடிந்த பின் ஒரு மாதத்துக்குள் புகார். புகார் தாமதமானால் காரணம் காட்டிக் கேட்கலாம். நோட்டீஸ் தாமதமானால் கேட்கவே வழியில்லை. செக்கின் 3 மாத ஆயுள் மிச்சமிருந்தால் மறுபடி வங்கியில் போடலாம், அவ்வளவுதான்.

சிவில் மேல்முறையீட்டுக்கு மாவட்ட நீதிமன்றம் என்றால் 30 நாள், உயர் நீதிமன்றம் என்றால் 90 நாள். தீர்ப்பு வந்த அன்றே நகல் மனு போட்டுவிடுங்கள். நகல் கிடைக்க ஆகும் நாட்கள் கணக்கில் கழியும். ஆனால் மனுவே போடாமல் ஊர் சுற்றிய நாட்கள் கழியாது. கெடு மே விடுமுறைக்குள் விழுந்தால் 1963-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு காப்பாற்றும், நீதிமன்றம் திறக்கும் முதல் நாள் தாக்கல் செய்யலாம். அந்த முதல் நாளே தாக்கலாக வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். மாஜிஸ்திரேட் கோர்ட்டுகளுக்கு அந்த விடுமுறை கிடையாது.

வக்காலத்தில் முதலிலேயே ஜூனியர் பெயரையும் சேர்த்துக் கையெழுத்து வாங்குங்கள். வேறு நீதிமன்றத்தில் வேலை இருக்கிறது என்பதே வாய்தா கேட்கக் காரணமாகாது என்று சிவில் நடைமுறைச் சட்டம் சொல்கிறது. பூநாரை பார்க்கப் போனதை அங்கே யார் கேட்கப்போகிறார்கள்? ஒவ்வொரு கேஸின் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணையும் (இ-கோர்ட்ஸ் தளத்தில் கேஸைத் தேட உதவும் அடையாள எண்) போனில் வைத்திருந்தால், எந்த ஊரிலிருந்தும் அடுத்த தேதியைப் பார்த்துவிடலாம்.

கே: அப்பா விட்டுப்போன வள்ளம் ஒன்று இருக்கிறது. பார் கவுன்சிலில் பதிவு செய்த பிறகு அதை நான் தொழிலுக்கு விடலாமா? (கீழக்கரை)

வாரிசாக வந்த தொழிலில் உங்கள் பங்கு தொடரலாம், நிர்வாகத்தில் நேரடியாக இறங்கக் கூடாது. இந்திய பார் கவுன்சில் விதிகள் இதைத் தெளிவாகவே சொல்கின்றன. டீசல் கணக்கு, ஆட்களுக்குப் பங்கு பிரிப்பது, ஏலத்தில் விலை பேசுவது எல்லாம் தம்பியோ சித்தப்பாவோ பார்க்கட்டும். ஞாயிற்றுக்கிழமை தூண்டில் போட அதே வள்ளத்தில் ஏறிப் போவது தொழில் ஆகாது. கடலில் ‘பார்’ என்றால் பவளப்பாறை மேடு, கோர்ட்டில் ‘பார்’ என்றால் வேறு. இரண்டிலும் அடி தட்டாமல் போகத் தெரிய வேண்டும்.

கே: மே விடுமுறையில் கயாக் ஓட்டலாம் என்றிருக்கிறேன். தென்கடலா, வடகடலா? (பரமக்குடி)

வடகடல்தான். மே மாதத்தில் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று கிளம்பிவிடும். தென்கடலான மன்னார் வளைகுடாப் பக்கம் அலை எழும்பும், வடகடலான பாக் விரிகுடாப் பக்கம் தட்டையாகக் கிடக்கும். தென்கடலை ஆண் கடல் என்றும் வடகடலைப் பெண் கடல் என்றும் சொல்வார்கள். அந்தப் பேச்சை நம்பித்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

வடகடல் அமைதியாகத் தெரிவது, காற்று தரை வழியாக உங்கள் முதுகுப் பக்கமிருந்து வருவதால்தான். பனைமர வரிசை மறைக்கும் வரை, கரையிலிருந்து 200, 300 மீட்டர் தூரத்துக்குத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். அந்த மறைவைத் தாண்டியதும் காற்று உங்களைப் பிடிக்கும், சும்மா இருந்தாலே வெளியே தள்ளும். போகும்போது கை வலிக்காது. திரும்பும்போதுதான் தெரியும். சாதாரணமாக மணிக்கு 5 கிலோமீட்டர் துடுப்புப் போடுகிறவர், எதிர்க்காற்று பலமாக அடித்தால் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நிற்பார்.

இறங்கும் முன் ஒரு பிடி காய்ந்த மணலைத் தோள் உயரத்திலிருந்து விடுங்கள். மணல் கடல் பக்கம் போனால், அன்றைக்குக் கரையை ஒட்டி, இறங்கி நிற்க முடிகிற ஆழத்தில் மட்டும் ஓட்டுங்கள். போகும்போது காற்றை எதிர்த்துப் போய், வரும்போது காற்றோடு வாருங்கள். காலை ஆறு மணிக்கு இறங்கினால் ஒன்பதுக்குள் கரையேறிவிட வேண்டும். வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும்.

அப்படியும் மாட்டிக்கொண்டால், மூச்சு முட்டத் துடுப்புப் போட்டுக்கொண்டிருக்காமல் நங்கூரத்தைப் போடுங்கள். பாக் விரிகுடா ஆழமில்லாத கடல், அது இங்கே உங்களுக்கு வாய்ப்பு. மடக்கும் வகை நங்கூரம் 1.5 கிலோ போதும். கயிறு ஆழத்தைப்போல் 5 முதல் 7 மடங்கு: 3 மீட்டர் ஆழத்துக்கு 20 மீட்டர். கயிறு குறைந்தால் நங்கூரம் நட்டுக்கொள்ளாமல் இழுபடும். கட்ட வேண்டியது முன்முனையில். விலாவில் கட்டினால் அலை பக்கவாட்டில் அடித்துக் கவிழ்த்துவிடும். பிறகு கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093. இதற்குப் போன் உடலோடு இருக்க வேண்டும், இரட்டை உறையில். லைஃப் ஜாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு போவது போடாமல் போவதுதான்.

இன்னொன்று: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலில் இருக்காது, கண்ணில் பட்டால் தூக்கிவிட ஆள் குறைவு. மார்கழியில் எல்லாம் தலைகீழ். அப்போது வாடைக்காற்று, தென்கடல் அமைதி, அதே பொறி அங்கே இருக்கும்.

கே: கோர்ட்டுக்குப் போகும் முன் பறவை பார்க்க ஊர்ப் பக்கத்தில் இடம் இருக்கிறதா?

சக்கரக்கோட்டை கண்மாய். 2025-இல் ராம்சார் என்கிற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது, ராமநாதபுரத்தை ஒட்டியே இருக்கிறது. மழை பெய்து தண்ணீர் நின்றால்தான் பறவை. நவம்பர் முதல் பிப்ரவரி வரை பாருங்கள். காலையில் கிழக்குக் கரையில் நின்று மேற்கே பார்த்தால் வெயில் முதுகில் இருக்கும், கூழைக்கடாவின் அலகில் புள்ளி வரை தெரியும். 8x42 பைனாகுலர் போதும். 10 மடங்கு வாங்கினால் கை நடுக்கமும் அதே அளவு பெருகும்.

கே: குருசடைத் தீவில் கூடாரம் போட்டு ஓர் இரவு தங்க யாரிடம் அனுமதி கேட்பது?

கேட்காதீர்கள். அது 1986-இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் ஒன்று. பகலில் வனத்துறை ஏற்பாட்டில் அழைத்துப் போகும் சவாரியோடு திருப்திப்படுங்கள். கரையில் கிடக்கும் கடல் அட்டை, கடல் குதிரை எதையும், காய்ந்திருந்தாலும், எடுக்கக் கூடாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்ட வழக்கில் கட்சிக்காரராக நிற்பது வக்கீலுக்கு அழகல்ல.

கே: உப்புக் காற்றில் கருப்புக் கோட்டு நாசமாகிறது. என்ன செய்வது? (மண்டபம்)

உப்பு ஏறிய துணி காற்றின் ஈரத்தை இழுக்கும். மதியம் காய்ந்தது போலிருக்கும், சாயங்காலம் கழுத்துப் பட்டியில் கை வைத்தால் மறுபடி சதசதக்கும். வெயிலில் போடுவது வீண், உப்பு போக நல்ல தண்ணீரில்தான் அலச வேண்டும். கம்பளிக் கலப்பு வேண்டாம். துவைத்து உடுத்தக்கூடிய பாலியஸ்டர் கலப்பில் இரண்டு கோட்டு தைத்துக்கொள்ளுங்கள். லைஃப் ஜாக்கெட்டும் கோட்டும் ஒரே டிக்கியில் போகக் கூடாது. கயாக்கின் கொக்கி, திருகு வாங்கும்போது 316 ரக எஃகு என்று கேட்டு வாங்குங்கள்; 304 ரகம் கடல் தண்ணீரில் சீக்கிரமே பழுப்பேறி, அந்தக் கறை சட்டையில் இறங்கும். கோடையில் கீழமை நீதிமன்றங்களில் கோட்டு கட்டாயமில்லை என்று பார் கவுன்சில் விதியே சொல்கிறது. வெள்ளைச் சட்டையும் கழுத்துப் பட்டையும் இருந்தால் போதும். உயர் நீதிமன்றத்தின் மதுரை பெஞ்சுக்குப் போகும் நாளில் மட்டும் கோட்டை மறந்துவிடாதீர்கள்.