ட்யூபிங்கனின் கீழூர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஸ்டுட்கார்ட்டில் மூன்று வருடமாக வேலை பார்க்கிறேன். ஜெர்மன் கவிஞர் ஹோல்டர்லினின் கவிதைகளை ஆங்கிலம் வழியாகப் படித்தது ஊரில், அம்மா பக்கவாதத்தில் படுத்திருந்த மாதங்களில். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அம்மாவைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். அந்த இடைவெளியில் தூங்காமல் இருப்பதற்காகப் படித்தேன்.

போன சனிக்கிழமை ட்யூபிங்கன் போனேன். ஹோல்டர்லின் கோபுரம், தத்துவவாதி ஹெகல் படித்த ஷ்டிஃப்ட் என்ற இறையியல் விடுதி, கோட்டை, எழுத்தாளர் ஹெர்மன் ஹெஸ்ஸே வேலை பார்த்த புத்தகக் கடை, நெக்கர் ஆற்றில் கழி ஊன்றித் தள்ளும் படகு என்று மொத்தம் எட்டு இடம். இத்தனை அறிவாளிகள் வாழ்ந்த ஊரில் எனக்கு எதுவுமே தோன்றவில்லை. கோபுரத்து அறையில் நின்றபோதுகூட ஒன்றுமில்லை. குறை என்னிடமா? ஓர் அறிவு நகரத்தை எப்படிப் பார்க்க வேண்டும்? இன்னொன்று, அது ஒயின் விளையும் பகுதி என்கிறார்கள். நான் குடிப்பதில்லை. எனக்கு அங்கே ஏதாவது இருக்கிறதா?

ச.

அன்புள்ள ச.,

குடிப்பது, குடிக்காதது ஒரு பிரச்சினையே இல்லை. அதை விடுங்கள்.

கோபுரத்தில் எதுவும் தோன்றாததற்கும் வருத்தப்பட வேண்டாம். ஹோல்டர்லின் இருந்த கோபுரம் 1875-இல் எரிந்துபோயிற்று. நீங்கள் பார்த்தது அதற்குப் பிறகு வேறு வடிவத்தில் கட்டியது. அந்தச் சுவர்களுக்கு அவரைத் தெரியாது.

ஆனால் ஒரே சனிக்கிழமையில் எட்டு இடம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்குக் கோபம் வருகிறது. ரேஷன் கடை வரிசையில் நிற்பவர்கூட இதைவிட நிதானமாகச் சுற்றிலும் பார்ப்பார். அதோடு ‘அறிவு நகரம்’ என்று ஒரு சொல். எத்தனையோ பேர் இப்படி எழுதிப் படித்துவிட்டேன். ஊர் என்றால் பிரபலமானவர்களின் பெயர்ப்பட்டியல் என்று நினைப்பதுதான் இந்த வியாதி. அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு போனால் சுவரில் பதித்த பெயர்ப்பலகைகள்தான் கண்ணில் படும்.

உங்களுக்குப் பதில் எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. சில வாரங்களாக நானே எர்ன்ஸ்ட் சிம்மரைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் கடிதத்தில் அவர் பெயர் இல்லை. நீங்கள் போய் நின்ற கோபுரம், அவருடைய வீடு இருந்த இடம்.

1806 செப்டம்பரில், மனநிலை பாதிக்கப்பட்டிருந்த ஹோல்டர்லினை வலுக்கட்டாயமாக வண்டியில் ஏற்றி ட்யூபிங்கனுக்குக் கொண்டுவந்தார்கள். ஆட்டன்ரீத் என்ற மருத்துவப் பேராசிரியரின் மருத்துவமனையில் ஏழெட்டு மாதம் வைத்திருந்தார்கள். குணமாகாது, அதிகம் போனால் மூன்று வருடம் என்று சொல்லி 1807 மே மாதம் வெளியே அனுப்பினார்கள். அழைத்துக்கொண்டு போனவர் தச்சர் சிம்மர். ஹோல்டர்லினின் நாவலைப் படித்து மனம் பறிகொடுத்தவர். மூன்று வருடம் என்றார்களே, ஹோல்டர்லின் முப்பத்தாறு வருடம் அந்த வீட்டில் இருந்தார். 1838-இல் சிம்மர் இறந்த பிறகு அவர் மகள் லோட்டெ பார்த்துக்கொண்டாள். 1843 ஜூன் 7-ஆம் தேதி ஹோல்டர்லின் இறந்த செய்தியைக் குடும்பத்துக்கு எழுதியதும் அவள்தான். இத்தனைக்கும் 1477-இலிருந்து பல்கலைக்கழகம் நடக்கிற ஊர் அது. பேராசிரியர்களுக்குப் பஞ்சமே இல்லை.

சிம்மர் ஹோல்டர்லினின் அம்மாவுக்குக் கடிதம் எழுதுவார். 1812-இல் எழுதிய ஒன்றில் இப்படி ஒரு விஷயம் வருகிறது. வீட்டில் ஒரு கோயிலின் படத்தைப் பார்த்துவிட்டு, அதைப்போல மரத்தில் ஒன்று செய்து தரச் சொல்கிறார் கவிஞர். நான் ரொட்டிக்காக வேலை செய்ய வேண்டியவன், உங்களைப்போலத் தத்துவ நிம்மதியில் வாழ எனக்குக் கொடுத்துவைக்கவில்லை என்கிறார் தச்சர். நானும் ஏழைதானே என்கிறார் ஹோல்டர்லின். அப்படிச் சொன்ன கையோடு பென்சிலை எடுத்து ஒரு பலகையில் நாலு வரி எழுதிக் கொடுக்கிறார். இன்றைக்கு உலகம் முழுக்கப் படிக்கிற வரிகள் அவை. பட்டறையில் கிடந்த பலகையில் எழுதியது.

ஷ்டிஃப்டுக்கும் போனீர்கள், சரி. அங்கே மாணவர்களுக்குச் சாப்பாட்டோடு ஒயின் உண்டு. வகுப்புக்குப் போகாவிட்டால், விதியை மீறினால் ஒயினை நிறுத்திவிடுவார்கள். ஹெகல் அந்தத் தண்டனையை வாங்கியவர். இதை வேடிக்கையாகச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். அந்த ஒயினைச் செய்தது யார் என்று யாரும் கேட்பதில்லை.

சந்தைச் சதுக்கத்தில் பழைய நகர மண்டபத்தின் முன்னால் நின்று கடிகாரத்தைப் படம் எடுத்திருப்பீர்கள். அங்கிருந்து வடக்கே, நெக்கருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சரிவில் இறங்கினால் கீழூர். அம்மர் ஓடையின் பக்கம். சந்துகள் குறுகும், வீடுகள் குட்டையாகும், தெருவோடு ஒட்டினாற்போல நிலவறைக் கதவுகள் இருக்கும். திராட்சை பயிரிட்டவர்கள் இருந்த இடம் அது. கோகென் என்று அவர்களுக்குப் பெயர். மேலூரில் லத்தீன், கீழூரில் வாசலுக்கு வாசல் எருக்குவியல். ட்யூபிங்கன் இருக்கும் வூர்ட்டெம்பெர்க் பகுதியில் நிலத்தை எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமாகப் பிரிப்பது வழக்கம். தலைமுறைக்குத் தலைமுறை துண்டு சிறுத்துக்கொண்டே போய், கடைசியில் ஒரு குடும்பத்தின் வயிறு நிரம்பாத அளவுக்கு வந்துவிட்டது. அந்த ஏழைகளின் முரட்டுப் பேச்சை வைத்து மேலூரில் சொல்லிச் சிரித்த கதைகள் ஏராளம். புத்தகமாகவே விற்கிறார்கள்.

பல வருடத்துக்கு முன்னால் ஒரு கருத்தரங்குக்காக நான் அங்கே போயிருந்தேன். ஊரைச் சுற்றிக் காட்டியவர் அந்தக் கதைகளில் நாலைந்தைச் சொன்னார். எல்லோரும் சிரித்தோம். மறுநாள் கருத்தரங்கு அலுத்துப்போய், சின்ன ரயிலில் ஏறி மேற்கே உண்டர்யெசிங்கனில் இறங்கினேன். பிப்ரவரி மாதம். மேட்டுச் சரிவில் ஒரு பெரியவர் கொடி கவாத்து செய்துகொண்டிருந்தார். மழையில் ஓரிடத்தில் தாங்குசுவர் சரிந்திருந்தது. கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் கற்குவியலைக் கைகாட்டினார். சாயங்காலம் வரை கல் எடுத்துக் கொடுத்தேன்.

சிமெண்டு கிடையாது, சாந்து கிடையாது. வெறும் கல். நான் வைத்த முதல் கல்லை, பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று, அதன் நீளப் பக்கம் வெளியே தெரிகிற மாதிரி வைத்தேன். அவர் அதைப் பிடுங்கித் திருப்பி வைத்தார். நீளம் மேட்டுக்குள்ளே போக வேண்டும், குட்டை முகம்தான் வெளியே. ஒவ்வொரு கல்லும் உள்பக்கம் கொஞ்சம் சாய்ந்து உட்கார வேண்டும். பின்னால் சில்லுக் கற்களைக் கொட்டி நிரப்ப வேண்டும், தண்ணீர் வடிவதற்கு. வடியாவிட்டால் ஈர மண்ணே சுவரைத் தள்ளிவிடும்.

வேலை முடிந்த பிறகு கொட்டகையில் மாட்டியிருந்த ஒரு மரக் கூடையைக் காட்டினார். முதுகில் மாட்டிக்கொள்வது, அவர் தாத்தாவுடையது. மழை மேல்மண்ணை அடிவாரத்துக்கு அடித்துக்கொண்டு வந்துவிடும். குளிர்காலத்தில் அந்த மண்ணைக் கூடையில் அள்ளி, முதுகில் சுமந்து, திரும்ப மேலே கொண்டுபோய்ப் போடுவார்கள். மறுவருடமும் அதே மண், அதே கூடை. தோல் வாரில் தோள் பட்ட இடம் மட்டும் கறுத்து, எண்ணெய் தடவியதுபோல வழவழவென்று இருந்தது. அதைத் தொட்டுப் பார்த்தேன். முந்தின நாள் சிரித்தது நினைவுக்கு வந்து அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

உங்கள் கோட்டைக்குக் கீழேயும் ஒரு நிலவறையில் 16-ஆம் நூற்றாண்டு ஒயின் பீப்பாய் இருக்கிறது. எண்பதாயிரம் லிட்டருக்கு மேல் பிடிக்கும். அது நிரம்புவதற்கு எத்தனை கூடை மண் மேலே ஏறியிருக்க வேண்டும்! அதே கோட்டைச் சமையலறையில்தான் 1869-இல் ஃப்ரீட்ரிஷ் மீஷர், நாம் இன்று டிஎன்ஏ என்கிற பொருளை முதலில் பிரித்தெடுத்தார். சீழ் தோய்ந்த கட்டுத் துணிகளிலிருந்து. மீஷரின் பெயர் சுவரில் இருக்கிறது. காயம் பட்டவர்களின் பெயர் இல்லை.

ஹெஸ்ஸே கடையைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகமில்லை. அவருடைய அம்மாவின் அப்பா ஹெர்மன் குண்டர்ட்டும் ட்யூபிங்கனில் படித்தவர்தான். 1836-இல் சென்னையில் வந்து இறங்கி, திருநெல்வேலிப் பக்கம் இருந்து தமிழ் படித்து, பிறகு தலச்சேரிக்குப் போய் மலையாள அகராதி செய்தார். அவருடைய ஏடுகள் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. உங்கள் எட்டில் அது இல்லை.

அக்டோபரில் இன்னொரு தடவை போங்கள். ஓர் இடம் போதும். இன்று அந்தச் சரிவுகளில் பாதிக்குமேல் கொடி இல்லை. கொடியைத் தாக்கிய நோய்களும் மலிவான வெளியூர் ஒயினும் சேர்ந்து முடித்துவிட்டன. ஆப்பிள் மரங்களும் புதரும்தான் மிச்சம். புதரை விலக்கினால் சுவர் தெரியும். வெயில் விழுகிற பக்கம் கையை வைத்தால் சாயங்காலம்கூடச் சூடு இருக்கும். கல்லிடுக்கில் பல்லி ஓடும். இறங்கி வரும்போது ஏதாவது ஒரு வீட்டு வாசலில் துடைப்பம் கட்டியிருந்தால் உள்ளே போகலாம். திராட்சை விவசாயிகள் தங்கள் ஒயினைத் தாங்களே விற்கும் இடம். வருடத்தில் சில மாதம்தான் திறந்திருக்கும். அறுவடை சமயம் என்பதால் புதிதாகப் பிழிந்த சாறு இருக்கும், அதைக் கேளுங்கள்.

அம்மாவைப் பற்றி இரண்டு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைத்தவர் சிம்மரின் வீட்டில் நின்றுகொண்டு, தனக்கு ஒன்றும் தோன்றவில்லை என்று சொல்கிறாரே என்று எனக்கு மனது கேட்கவில்லை. அடுத்த கடிதத்தில் அந்த இரவுகளை எழுதுங்கள். எந்தப் பக்கம் முதலில் புரட்டுவீர்கள், அம்மா ஏதாவது சொல்வார்களா, விளக்கை அணைக்காமல் படித்தது அவர்களுக்குக் கண் கூசவில்லையா என்று எல்லாவற்றையும்.