தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

எங்கள் ஆயா போன தை மாதம் காலமானார். பெயர் குப்பம்மாள். இப்போது எனக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. ஆயா பெயரைத்தான் வைக்க வேண்டும் என்று அப்பா பிடிவாதமாக இருக்கிறார். கொடுங்கையூரில் குப்பைமேட்டுப் பக்கம் குடியிருந்துகொண்டு குப்பம்மா என்று பெயர் வைத்தால் பள்ளிக்கூடத்தில் என்ன பாடுபடும்? கூச்சப்பட்டு ஆயாவின் கண்ணீர் அஞ்சலி போஸ்டரிலேயே ‘கோமதி அம்மாள்’ என்றுதான் போட்டோம். இந்தப் பெயருக்குச் சமஸ்கிருதத்தில் வேறு நல்ல அர்த்தம் இருக்கிறதா? எண் கணிதம் பார்ப்பவர் ‘குபிதா’ என்று மாற்றச் சொல்கிறார். வைக்கலாமா?

உ., கொடுங்கையூர்

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் வந்த அன்று காலையில்தான் எங்கள் பெரியம்மாவின் பழைய ரேஷன் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தண்டையார்பேட்டையில் 1938இல் பிறந்தவள். அவளும் குப்பம்மாள்தான்.

எண் கணிதத்தை என்னிடம் கேட்காதே. ஆனால் நீ நம்புகிற அந்தச் சமஸ்கிருதத்தில் குபிதா என்றால் கோபம் கொண்டவள் என்று பொருள், அதை மட்டும் தெரிந்துகொள். குப்பம்மாளுக்கு அதில் வேறு அர்த்தம் தேட வேண்டாம். குப்பை என்றால் குப்பைதான். நீ கேட்க வேண்டியது, பெற்றவள் எதற்காகத் தன் பிள்ளையைக் குப்பை என்று கூப்பிட்டாள் என்பதை.

எங்கள் ஆயாவுக்குப் பெரியம்மாவுக்கு முன்னால் மூன்று பிள்ளைகள். ஒன்று அம்மையில் போனது, ஒன்று வாந்திபேதியில், இன்னொன்று பிறந்த ஒன்பதாம் நாள் என்ன ஏது என்று தெரியாமலே போனது. நாலாவதாக இவள் பிறந்தபோது ஆயா அவளைக் கொஞ்சவே பயந்தாளாம், ஆசை வைத்தது தெரிந்தால் எமன் இதற்கும் வந்துவிடுவான் என்று. கிழிந்த புடவைத் துணியில் சுற்றி, பழைய முறத்தில் கிடத்தி, தெருக்கோடியில் சாணியும் அடுப்புச் சாம்பலும் கொட்டுகிற இடத்தில் போட்டு, இப்படி ஒரு புரட்டு, அப்படி ஒரு புரட்டு. அப்புறம் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். பிள்ளை அழுகிற சத்தம் தெரு முழுக்கக் கேட்டதாம். பின்னாலேயே எதிர்வீட்டுக்காரி முறத்தோடு வந்து, “குப்பையில ஒரு புள்ள கெடந்துது, வேணுமா?” என்று வாசலில் நிற்க, ஆயா ஒரு படி தவிட்டைக் கொடுத்து, தான் பெற்ற பிள்ளையைத் தானே விலைக்கு வாங்கிக்கொண்டாள்.

பிள்ளையின் காதுக்குப் பின்னால் மடிப்பில் கொஞ்சம் சாம்பல் ஒட்டியிருந்தது. மூன்று நாள் அதைத் துடைக்க விடவில்லை ஆயா. எண்பது வயதில் இதை என்னிடம் சொல்லும்போதும் தன் காதுக்குப் பின்னால் விரலை வைத்துத் தேய்த்துக் காட்டினாள். எதிர்வீட்டுக்காரிக்குப் பொங்கலுக்குப் பொங்கல் எங்கள் வீட்டுப் புடவை போகும். பெரியம்மா அவளையும் அம்மா என்றுதான் கூப்பிட்டாள்.

இப்போது சொல், வேண்டாத பிள்ளைக்கா இந்தப் பாடு? வேண்டாத பெண்ணுக்கு ‘வேண்டாம்’ என்றும் ‘போதும்பொண்ணு’ என்றும் பெயர் வைத்தார்கள். அந்தக் கொடுமைக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். குப்பம்மாள் அந்த வரிசையில் வருகிற பெயரே இல்லை. இது, வெறும் குப்பைதானே என்று எமன் தொடாமல் போகட்டும், நீ எங்கேயும் போய்விடாதே என்று பிடித்து நிறுத்துவதற்கு வைத்த பெயர். பிச்சையம்மாளும் அப்படித்தான், மூக்குக் குத்தி வைத்த மூக்கம்மாளும் அப்படித்தான், நம் பக்கத்துத் தெலுங்கு வீடுகளில் இருக்கும் பெண்டய்யா, பெண்டம்மாவும் அப்படித்தான், பெண்ட என்றால் அவர்களுக்குச் சாணக்குப்பை. 1951இல்கூட இந்த நாட்டில் பிறந்த ஆயிரம் பிள்ளைகளில் 146 பேர் ஒரு வயதைத் தாண்டவில்லை. இந்தியாவில் பெரியம்மை ஒழிந்தது என்று 1977இல்தான் அறிவித்தார்கள். தடுப்பூசி எல்லார் வீட்டுக்கும் எட்டாத காலத்தில் ஒரு தாய்க்குக் கையில் இருந்தது இந்தப் பெயர்தான்.

ஏழை பாழைகள் பெயர் என்றும் நினைக்காதே. தியாகராஜரின் சீடர் வீணை குப்பய்யர் நம் திருவொற்றியூர்க்காரர். குப்புசாமி சாஸ்திரி மாநிலக் கல்லூரியில் சமஸ்கிருதப் பேராசிரியர், மயிலாப்பூரில் அவர் பெயரில் ஆராய்ச்சி நிறுவனமே இருக்கிறது. சமஸ்கிருதத்தைக் கரைத்துக் குடித்த அந்த மனிதரே குப்புசாமியாகத்தான் இருந்தார், நீ வேறு அர்த்தம் தேடுகிறாய்!

இன்னொன்று. குப்பை என்றால் முதலில் குவியல். நற்றிணை 138ஆம் பாட்டில் உப்பளத்தில் குன்றுபோல் குவித்த உப்புக்குக் குப்பை என்றுதான் பெயர். கொடுங்கையூரில் மலையாகக் கிடப்பது ஊரெல்லாம் லாரி லாரியாகக் கொண்டுவந்து கொட்டியது. அதற்கு நீ ஏன் கூசுகிறாய்? கொட்டினவர்கள் கூசட்டும்.

போஸ்டர் விஷயம்தான் எனக்கு ஆறவில்லை. ஒரு மனுஷி அத்தனை வருஷம் திரும்பிப் பார்த்த பெயரைச் செத்த அன்றைக்குப் பிடுங்கிக்கொண்டீர்களே. யார் அந்தக் கோமதி? தெருவில் போகிறவர்கள் அதைப் படித்துவிட்டு, யாரோ என்று தாண்டிப் போயிருப்பார்கள். அவளோடு தண்ணீர் லாரிக்குக் குடம் போட்டு நின்றவளுக்கு எப்படித் தெரியும் செத்தது குப்பம்மா என்று?

குழந்தைக்கு என்ன பெயர் வைப்பது என்று கேட்டிருந்தாய். பிடித்ததை வை. அது நல்லபடியாகத் தடுப்பூசி போட்டு வளரட்டும், யாரையும் ஏமாற்றுகிற பெயர் அதற்குத் தேவையில்லை. வீட்டில் குப்பு என்று கூப்பிட்டால் உன் அப்பாவுக்கு ஆறுதலாக இருக்கும். அவரிடம் ஒன்று கேள், ஆயாவுக்கு முன்னால் எத்தனை பிள்ளைகள் போனது, குப்பையிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தவள் யார் என்று. அவருக்குத் தெரிந்திருக்கும்.

தை வந்தால் வருஷத் திதி. போஸ்டர் அடிப்பீர்கள் அல்லவா? குப்பம்மாள் என்று பெரிய எழுத்தில் போடச் சொல். அடித்ததும் எனக்கு ஒரு படம் அனுப்பு.