போனில் சொல்லும் ஸ்பானிஷ் தேதி பிடிபடவில்லையா?

கேள்வி: வலென்சியாவில் முதுகலை படிக்க வந்திருக்கிறேன். கிழமை, மாதப் பெயர்களெல்லாம் மனப்பாடம். ஆனாலும் யாராவது போனில் தேதி சொன்னால் குழம்பிவிடுகிறது. மாதத்தின் முதல் நாளை ‘ஊனோ’ என்பதா, ‘பிரிமேரோ’ என்பதா? குடியிருப்பு அட்டைக்குக் கைரேகை வைக்க அபாயின்ட்மென்ட் கிடைக்கவில்லை. 60 யூரோ கொடுத்தால் எடுத்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அதற்குப் பிறகு வருகிறேன், முதலில் தேதி.

‘லூனெஸ், மார்த்தெஸ்’ என்று வரிசையாக ஒப்பிக்க வைத்து அனுப்புவது வகுப்புகளின் பழைய வழக்கம். போனில் பேசுகிறவர் வரிசையாகவா சொல்வார்? ‘எல் ஹுவெபெஸ் த்ரெஸ் தெ ஹூலியோ’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். வியாழன், ஜூலை 3. கிழமை, எண், மாதம் என்ற இந்த அச்சு மாறாது, எனவே முழுத் தொடராகவே சொல்லிப் பழகுங்கள். ‘திங்கட்கிழமை வருகிறேன்’ என்பதற்கு ‘எல் லூனெஸ்’ போதும். பலர் செய்வதுபோல் முன்னால் ‘என்’ சேர்க்க வேண்டாம். ‘லோஸ் லூனெஸ்’ என்றால் திங்கள்தோறும். மாதத்துக்கு மட்டும் ‘என் மாயோ’ (மே மாதத்தில்) சரி.

காது ஏமாறும் இடங்கள் சிலவே. ஹூனியோ (ஜூன்), ஹூலியோ (ஜூலை) இரண்டையும் ஸ்பானியர்களே போனில் மறுபடி கேட்டுக்கொள்வார்கள். ‘¿ஹூலியோ, கோன் எலெ?’ (‘எல்’ எழுத்து வரும் ஹூலியோவா?) என்று தயங்காமல் கேளுங்கள். இன்னும் பத்திரமான வழி, ‘த்ரெஸ் தெல் சியெத்தெ’ என்று எண்ணாலேயே திருப்பிச் சொல்வது. மூன்றாம் தேதி, ஏழாம் மாதம். தோஸ் (2), தோசெ (12), த்ரெஸ் (3), த்ரேசெ (13) ஆகியவற்றில் கடைசி அசையைக் கவனியுங்கள். ஆண்டை இரண்டிரண்டாகப் பிரிக்கக் கூடாது: 1998 என்பது ‘மில் நொபேசியெந்தோஸ் நொபெந்தா இ ஓச்சோ’. சுவர் நாட்காட்டியில் ‘எக்ஸ்’ எழுத்து இருந்தால் அது புதன். செவ்வாயும் ‘எம்’ எழுத்தில் தொடங்குவதால் இந்த ஏற்பாடு. ‘கின்செ தீயாஸ்’ நேர்ப்பொருளில் 15 நாள், பேச்சில் இரண்டு வாரம். இன்று புதன் என்றால் அடுத்ததற்கு அடுத்த புதன்தான், வியாழன் அல்ல.

முதல் நாள் விஷயத்துக்கு வருவோம். ஸ்பெயினில் பேச்சில் ‘எல் ஊனோ தெ மாயோ’ சகஜம். லத்தீன் அமெரிக்காவில் ‘எல் பிரிமேரோ தெ மாயோ’. இரண்டும் சரி, யாரும் திருத்த மாட்டார்கள். ஆனால் தொழிலாளர் தின விடுமுறையைக் குறிக்கும்போது ஸ்பெயினிலும் ‘பிரிமேரோ தெ மாயோ’தான். சலுகை இந்த ஒரு நாளோடு முடிந்தது. இரண்டாம் தேதியிலிருந்து வெறும் எண்தான்: ‘தோஸ் தெ மாயோ’. மாட்ரிடில் 1808-ஆம் ஆண்டு எழுச்சியின் பெயர் தாங்கிய சதுக்கமே ‘பிளாசா தெல் தோஸ் தெ மாயோ’. 31-ம் தேதிக்குப் ‘பிரிமேரோ’வைக் கொண்டுபோய் ஒட்டாதீர்கள், ‘த்ரெயின்த்தா இ ஊனோ’தான். ஆவணத்தில் ‘1 தெ மாயோ’ என்று இலக்கத்தில் எழுதிவிட்டால் இந்தக் கேள்வியே எழாது.

இப்போது அந்த 60 யூரோ. சீத்தா பிரெபியா, அதாவது முன்பதிவு, இலவசம். கட்டணம் தனி: 790 படிவம், குறியீடு 012, வங்கியில் கட்டுவது. இடைத்தரகர்கள் தானியங்கி நிரல் வைத்து இடங்களை அள்ளிக்கொண்டு உங்களிடமே விற்கிறார்கள். இப்படி விற்ற கும்பல்களைப் போலீஸ் பிடித்தும் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு மேல் தங்குபவர் நாட்டுக்குள் வந்த ஒரு மாதத்துக்குள் அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று சட்டம் போட்டுவிட்டு, தளத்தைத் திறந்தால் ‘நோ ஆய் சீத்தாஸ்’ என்று காட்டும் நிர்வாகத்தை என்ன சொல்வது! தரகருக்குப் பிழைப்பே அதுதான். வெவ்வேறு நேரங்களில் முயலுங்கள். இடமில்லை என்று வரும் பக்கத்தைத் தேதியோடு படமெடுத்து வையுங்கள். பதிவுச் சீட்டில் உங்கள் பெயரும் அடையாள எண்ணும் இல்லாத எதையும் நம்பாதீர்கள்.

ஒன்று கேட்காமலே சொல்கிறேன். விண்ணப்பத்தில் குறை இருந்தால் ‘தியெஸ் தீயாஸ் ஆபிலெஸ்’ என்று கடிதம் வரும்: பத்து வேலைநாள். சனி, ஞாயிறு, அரசு விடுமுறை சேராது. எண்ணிக்கை கடிதம் கிடைத்த மறுநாள்தான் தொடங்கும். வியாழன் ஜூலை 3-ல் கிடைத்து இடையில் விடுமுறை இல்லையென்றால் கடைசி நாள் 17, அதுவும் வியாழன். ‘நாத்துராலெஸ்’ என்று இருந்தால் எல்லா நாளும் கணக்கு, பத்தாம் நாள் 13-ஆம் தேதியே வந்துவிடும்; அது ஞாயிறு என்பதால் கெடு மறுநாள் திங்கள், 14-ல் வந்து நிற்கும். எந்தச் சொல் என்று பாருங்கள்.