கையால் எறியும் கிளைடர்: ஒட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே ஏன் முறிகிறது?

கேள்வி: 1 மீட்டர் இறக்கை நீளமுள்ள ரேடியோ கன்ட்ரோல் கிளைடர் ஒன்றைச் செய்தேன். எக்ஸ்பிஎஸ் ஃபோம் (கெட்டியான பாலிஸ்டைரீன் ஃபோம்) இறக்கை, அதன் நடுவில் புதைத்த 3 மி.மீ கார்பன் கம்பி, வாலுக்குக் கார்பன் குழாய். ஈட்டி மாதிரி எறிந்தபோது பிரச்சினை இல்லை. இறக்கை நுனியைப் பிடித்துச் சுழற்றி எறிய ஆரம்பித்ததும் இறக்கைக்குப் பின்னால் குழாய் விரிசல் விட்டது. எபாக்ஸி பசை பூசி டேப் சுற்றினேன். அதன் பக்கத்திலேயே மறுபடி முறிந்தது. இறக்கை நுனியில் விரலால் பிடிக்க வைத்திருக்கும் சின்னக் குச்சி (பெக்) ஃபோமைக் கிழிக்கிறது. ஒவ்வொன்றாகப் பலப்படுத்தியதில் எடை 150 கிராமிலிருந்து 185 ஆகிவிட்டது. எங்கே தவறுகிறேன்?

பதில்: நீங்கள் சேர்த்த பலம் குறைவு என்று நான் நினைக்கவில்லை. அது சேர்ந்த இடமும் அது முடியும் விதமும்தான் கோளாறு. ‘அதன் பக்கத்திலேயே மறுபடி முறிந்தது’ என்று எழுதியிருக்கிறீர்களே, முழுப் பதிலும் அந்த வரியில் இருக்கிறது.

முதலில் சுழற்றி எறியும்போது என்ன சுமை வருகிறது என்று பார்த்துவிடலாம். கையிலிருந்து விடுபடும் நேரத்தில் வேகம் நொடிக்கு 15 மீட்டர், உங்கள் உடலிலிருந்து கிளைடரின் ஈர்ப்பு மையம் வரை 1.2 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது கிளைடர் தன் எடையைப் போல் சுமார் 19 மடங்கு விசையோடு வெளியே இழுக்கும். 150 கிராம் கிளைடர் என்றால் கிட்டத்தட்ட 2.9 கிலோ. அவ்வளவும் ஒரு சின்ன பெக்கின் மேல். 185 கிராம் ஆனதும் அதே எறிக்கு இது 3.5 கிலோவாகிறது. பலம் சேர்க்கிறோம் என்று எடை சேர்த்தால் சுமையும் கூடவே ஏறுகிறது.

கையை விட்டு நுனி கழன்றதும் கதை மாறுகிறது. அதுவரை உங்களோடு சேர்ந்து திரும்பிக்கொண்டிருந்த உடல், விட்ட பிறகும் அதே பக்கம் திரும்பப் பார்க்கும். அதைத் தடுத்து மூக்கை நேராக்குவது செங்குத்து வால். அந்த ஒரு நொடிக்குள் வால் குழாய் பக்கவாட்டில் வில்லாக வளைகிறது. செங்குத்து வால் முழுவதும் குழாய்க்கு மேலே மட்டும் நின்றால் வளைவோடு முறுக்கும் சேரும். அதனால் பாதி மேலே, பாதி கீழே வருமாறு வாலை வையுங்கள். இதற்கு ஒரு கிராம்கூடச் செலவில்லை, ஆனால் முறுக்கு பெருமளவு போய்விடும்.

இப்போது குழாய். கடைகளில் சுலபமாகக் கிடைக்கும் கார்பன் குழாய்களில் பல, இழைகள் எல்லாம் நீளவாக்கில் ஓடும்படி இழுத்துச் செய்தவை. நேர் வளைவை நன்றாகத் தாங்கும். முறுக்கினால் மூங்கில் பிளப்பது மாதிரி நீளவாக்கில் பிளந்துவிடும். உங்கள் விரிசல் நீளவாக்கில் ஓடியிருந்தால் பெரும்பாலும் இதுதான் காரணம். இழைகளைக் குறுக்கிலும் சாய்வாகவும் சுற்றிச் செய்த குழாய், அதிலும் வால் பக்கம் ஒடுங்கிப் போகிற வகை கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

அப்புறம் முறிந்த இடம். முதல் விரிசல், இறக்கையை உடலில் பொருத்தும் இறக்கை மேடை முடிகிற விளிம்பில் வந்திருக்கும். ரொம்ப விறைப்பான பகுதி சட்டென்று முடிந்து, மெல்லிய பகுதி தொடங்குகிற இடம் அது. வளைவு முழுவதும் அந்தக் கோட்டில் குவியும். அங்கே நீங்கள் கனமாக எபாக்ஸி பூசியபோது விளிம்பை இரண்டு விரல் தள்ளி வைத்தீர்கள். குவிவு மறையவில்லை, இடம் மாறியது. புதுக் குழாய் போடுவதே நல்லது. பழையதையே இணைப்பதானால், உள்ளே இறுக்கமாக நுழைகிற ஒரு குழாய்த் துண்டை, விட்டத்தைப் போல் ஐந்தாறு மடங்கு நீளம் இரண்டு பக்கமும் போகும்படி வையுங்கள். அதன் முனைகளை உப்புத்தாளில் தேய்த்து மெல்லிசாக்குங்கள். வெளியே மெல்லிய கண்ணாடி இழைத் துணியைச் சாய்வாக இரண்டு மூன்று சுற்று சுற்றுங்கள். ஒவ்வொரு அடுக்கும் கீழே இருப்பதைவிடக் குட்டையாக இருக்கட்டும். பலம் படிப்படியாகக் குறைந்து முடிய வேண்டும். இறக்கை மேடையின் பின் விளிம்பிலும் இதையே செய்யுங்கள். கார்பனைத் தேய்க்கும்போது ஈரத்தோடு தேய்த்து, முகமூடி போட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

பின்பக்கம் எதைச் சேர்க்கும் முன்பும் ஒரு கணக்கு. வால் ஈர்ப்பு மையத்திலிருந்து 60 செ.மீ பின்னால், மூக்கு 20 செ.மீ முன்னால் என்றால், வாலில் ஏறும் ஒவ்வொரு கிராமுக்கும் மூக்கில் 3 கிராம் ஈயம். மொத்தம் 4 கிராம். உங்கள் 35 கிராமில் பாதிக்கு மேல் இப்படித்தான் வந்திருக்கும் என்பது என் கணிப்பு. வால் பரப்புகளை லேசான பால்சா மரத்தில் செய்து, முன்விளிம்பில் மட்டும் மெல்லிய கார்பன் இழை ஒட்டினால் போதும்.

இறக்கைக்கு வருகிறேன். நடுவில் கம்பி புதைப்பது பலரும் செய்வது, எனக்கு அதில் உடன்பாடில்லை. இறக்கை மேல் நோக்கி வளையும்போது மேல்பரப்பு அமுங்குகிறது, கீழ்ப்பரப்பு இழுபடுகிறது, நடுக்கோட்டில் எதுவும் நடப்பதில்லை. நீங்கள் கார்பனை வைத்திருப்பது வேலையே இல்லாத இடத்தில். இறக்கை மிகவும் தடித்த இடத்தில், மேலே ஒன்று கீழே ஒன்று என 3 மி.மீ அகலமும் அரை மி.மீ தடிமனும் உள்ள கார்பன் பட்டைகளைப் பரப்போடு சமமாகப் பதியுங்கள். இரண்டுக்கும் நடுவிலான இடைவெளி இரட்டிப்பானால் விறைப்பு நான்கு மடங்காகும் என்பதால், இங்கே ஒவ்வொரு மில்லிமீட்டரும் மதிப்புள்ளது. இறக்கையின் நடுப்பகுதியில் பட்டைகளுக்கு இடையே ஃபோமுக்குப் பதிலாக, நார் செங்குத்தாக ஓடும் பால்சா வைத்தால் மேல் பட்டை பிதுங்கி வெளியே வராது. இழை டேப்பை நம்பினால் கீழ்ப்பரப்பில் மட்டும் நம்புங்கள். டேப் இழுவையைத்தான் தாங்கும், அமுங்கினால் மடங்கிவிடும்.

வளைவைவிட எனக்கு அதிகக் கவலை முறுக்கு பற்றித்தான். எறிந்த வேகத்தில் இறக்கை படபடவென்று அடிக்கும் சத்தம் கேட்டால் அது முறுக்கு விறைப்பு போதாததன் அறிகுறி. சதுர மீட்டருக்கு 25 கிராம் எடையுள்ள கண்ணாடி இழைத் துணியை, இழைகள் 45 டிகிரி சாய்வில் வருமாறு, கீழ்ப் பட்டையிலிருந்து முன்விளிம்பைச் சுற்றி மேல் பட்டை வரை ஒட்டுங்கள். ரெசின் பூசியதும் டிஷ்யூ தாளால் ஒற்றி எடுத்துவிடுங்கள். துணியின் எடைக்குச் சமமாக ரெசின் நின்றால் போதும். 1 மீட்டர் இறக்கைக்கு எல்லாம் சேர்த்து 5 கிராம் அளவில்தான் ஏறும். மெதுவாக இறுகும் எபாக்ஸியையே பயன்படுத்துங்கள். சாதாரண சூப்பர் குளூ இந்த ஃபோமைக் கரைத்துவிடும்.

பெக் கிழிப்பது ஃபோமின் தவறல்ல. 3 கிலோவை ஃபோமிடமே கேட்கிறோம், அதுதான் காரணம். நுனியில் ஃபோமை ஒரு சின்ன முக்கோணமாக வெட்டி எடுத்து, கடினமான பால்சா துண்டை வைத்து, அதில் பெக்கை மேலிருந்து கீழ்வரை ஊடுருவும்படி ஒட்டுங்கள். பெக்கின் அடியைச் சுற்றிக் கார்பன் நூலைப் போட்டு, அதன் இரண்டு முனைகளையும் விசிறி மாதிரி விரித்துப் பட்டைகளின் மேல் படரவிடுங்கள். கையின் இழுவை பெக்கிலிருந்து பட்டைக்கும், பட்டையிலிருந்து உடலுக்கும் போகும். வலது கையால் எறிபவருக்கு பெக் இடது நுனியில் வரும். எதிர் நுனியில் சமன் செய்ய அதே எடையைச் சேருங்கள்.

மூக்கைக் கார்பனால் பலப்படுத்தும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். கார்பன் 2.4 கிகாஹெர்ட்ஸ் சிக்னலை மறைக்கும், உள்ளே ரிசீவர் இருக்கிறது. மோதினால் நொறுங்கவும் செய்யும். கண்ணாடி இழையோ கெவ்லர் இழையோ இரண்டு வகையிலும் மேல்.

சரி, எல்லாம் ஒட்டியாயிற்று. உடனே முழு வேகத்தில் எறியாதீர்கள். எபாக்ஸி நன்றாக இறுக ஒரு நாள் விட்டு, பெக்கில் சுருள்வில் தராசை மாட்டி, உடலைப் பிடித்துக்கொண்டு இறக்கையின் நீளவாக்கில் மெதுவாக 3 கிலோ வரை இழுத்துப் பாருங்கள். சின்ன ‘டிக்’ சத்தம் கேட்டால் நிறுத்தி அந்த இடத்தைத் தேடுங்கள். அடுத்து ஒரு கையில் இறக்கை மேடை, இன்னொரு கையில் வால்; லேசாக முறுக்கிப் பாருங்கள். பழைய கிளைடர் எவ்வளவு முறுகியது என்பது உங்கள் கைக்கு நினைவிருக்கும். பிறகு பாதி வேகத்தில் பத்து எறி, ஒவ்வொன்றுக்கும் பிறகு இணைப்பின் இரு ஓரத்தையும் நாணயத்தால் தட்டிப் பாருங்கள். மற்ற இடத்தில் கணீரென்றும் அங்கே மட்டும் மந்தமாகவும் கேட்டால் உள்ளே அடுக்கு பிரிந்திருக்கிறது. அன்றைக்கு மேற்கொண்டு எறிய வேண்டாம்.