உட்கரு ஏன் ஓரத்தில் நிற்கிறது?

பெங்களூருவில் படிக்கும் நம் பிள்ளைகள் கேட்ட உயிரியல் கேள்விகள். பதில் சொல்பவர் பணி ஓய்வு பெற்ற உயிரியல் ஆசிரியை.

அல்சூர், 9ஆம் வகுப்பு: மிஸ், வெங்காய உள்தோலை மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். செல்லின் உட்கருவை (நியூக்ளியஸ்) கன்னடப் பாடத்தில் கோஷகேந்திரா என்கிறார்கள். ஆனால் அது நடுவில் இல்லையே, ஓரமாக ஒட்டியிருக்கிறது. ஸ்லைடு தப்பா?

ஸ்லைடு சரிதான்ப்பா. கேந்திரம் என்ற பேர்தான் குழப்பிவிட்டது. தமிழில் உட்கரு, உள்ளே இருந்தால் போதும். வெங்காயச் செல்லின் நடுவை வாக்குவோல் என்ற நீர்ப்பை அடைத்துக்கொள்வதால், உட்கரு சுவரோரம் ஒதுங்குகிறது. கன்னத்தின் உட்புறத்தைப் பல்குச்சியால் மெல்ல வழித்து, மெத்திலீன் நீலம் ஒரு சொட்டு விட்டுப் பார். அங்கே அத்தனை பெரிய பை கிடையாது. உட்கரு ஏறக்குறைய நடுவில் நீலப் பொட்டாகத் தெரியும். படம் வரையும்போது உன் கண் பார்த்த இடத்திலேயே உட்கருவை வை. இதை எல்லாப் பிள்ளைகளிடமும் கெஞ்சிக் கேட்கிறேன்.

விவேக் நகர், 8ஆம் வகுப்பு: வாடிய கொத்தமல்லியை அம்மா தண்ணீரில் நிறுத்தினால் நிமிர்ந்துவிடுகிறதே, எப்படி?

அதே நீர்ப்பைதான். சவ்வூடு பரவலால், அதாவது செல்லின் மெல்லிய சவ்வு வழியாக, தண்ணீர் உள்ளே போக, பை உப்பிச் செல்சுவரை அழுத்துகிறது, தண்டு விறைக்கிறது. வெள்ளரிக்காயில் உப்பு தூவினால் நீர் விடுவதும் இதுவே, தலைகீழாக.

அவரே: அப்போ நம் ரத்தச் சிவப்பணுவைத் தண்ணீரில் போட்டால்?

வெடித்துவிடும். தாங்கிப் பிடிக்கச் செல்சுவர் இல்லை. ட்ரிப்ஸில் வெறும் தண்ணீர் ஏற்றாமல் 0.9 சதவீத உப்புநீர் ஏற்றுவது அதனால்தான்.

ஸ்ரீராமபுரம், பி.யூ. முதலாண்டு: சிவப்பணுவில் உட்கருவே இல்லை என்றால் ரத்தத்தில் டி.என்.ஏ. சோதனை எப்படிச் செய்கிறார்கள்?

நல்லா யோசித்திருக்கிறாய்ம்மா. டி.என்.ஏ. கிடைப்பது வெள்ளையணுக்களிலிருந்து. சிவப்பணுவுக்கும் எலும்பு மஜ்ஜையில் வளரும்போது உட்கரு இருந்தது. முதிரும்போது அதை வெளியே தள்ளிவிடுகிறது. ஆக்சிஜனைச் செலவழித்து ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவும் போய்விடும். ஆக்சிஜனைச் சுமந்துபோகிற செல், அதை வழியில் தானே தின்னாது! கிடைத்த இடமெல்லாம் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதமான ஹீமோகுளோபினுக்கு. ஆனால் உட்கரு இல்லாததால், பழுதானால் புதுப் புரதம் செய்துகொள்ள வழி இல்லை. சுமார் 120 நாள் ஓடித் தேய்ந்ததும் மண்ணீரலிலும் கல்லீரலிலும் உள்ள விழுங்கு செல்கள் அதைச் சிதைக்கின்றன. அதன் இரும்பு புதுச் சிவப்பணு செய்ய மஜ்ஜைக்கே திரும்புகிறது.

தவளையின் சிவப்பணுவில் உட்கரு உண்டு. லேபில் தவளை ரத்த ஸ்லைடு இருந்தால் கேட்டு வாங்கி, மனித ரத்த ஸ்லைடையும் அடுத்தடுத்து வைத்துப் பார்.